7 அங்குல முறுக்கில் .22 குண்டு: மாற்றியமைத்த ரைஃபிளில் குறி ஏன் சிதறுகிறது?

ஏஆர்-15 வகை ரைஃபிளில் பெரிய .223 தோட்டாவுக்கான போல்ட்டை (தோட்டா அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் பாகம்) கழற்றிவிட்டு, சிறிய .22 எல்ஆர் ரிம்ஃபையர் (விளிம்பில் அடித்து வெடிக்கவைக்கும்) தோட்டாவுக்கான மாற்று போல்ட்டைப் பொருத்திச் சுடுகிறவர்களிடமிருந்து ஒரு புகார் அடிக்கடி வரும். சாதாரண .22 ரைஃபிள் 50 மீட்டரில் ஒரு நாணயத்துக்குள் அடக்கும் அதே தோட்டாவை, இது உள்ளங்கை அகலத்துக்கு இறைக்கிறது என்பார்கள். பழி உடனே குழலின் முறுக்கின்மேல் விழும். அதில் பாதிதான் உண்மை. வேறெங்கோ உண்டான பிழையை முறுக்கு பெருக்கிக் காட்டுகிறது. பிழையின் பிறப்பிடம் பெரும்பாலும் தோட்டா அறைப் பக்கம் இருக்கிறது.

குழலின் உட்புறத்தில் வெட்டிய சுருள் வரிகள் ஒரு முழுச் சுற்றை முடிக்க எடுத்துக்கொள்ளும் நீளத்தைத்தான் ட்விஸ்ட் ரேட், அதாவது முறுக்கு அளவு என்கிறோம். 16 அங்குல முறுக்கு என்றால், குண்டு 16 அங்குலம் முன்னேறும்போது ஒருமுறை சுழலும். எண் சிறுக்கச் சிறுக்க முறுக்கு இறுக்கமாகும், சுழற்சி வேகமாகும்.

ஒரு குண்டு தலைகுப்புறக் கவிழாமல் பறக்க எவ்வளவு சுழற்சி வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் எடையைவிட நீளத்துக்கே பெரிய பங்கு. ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஜார்ஜ் கிரீன்ஹில் 1879-இல் தந்த எளிய சூத்திரம் இன்றும் தோராயக் கணக்குக்கு உதவுகிறது. குண்டின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து வர்க்கமாக்கி, 150-ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால் தேவையான முறுக்கு அளவு கிடைக்கும். 40 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) ஈயக் குண்டின் விட்டம் சுமார் 0.224 அங்குலம், நீளம் சுமார் 0.46 அங்குலம். விடை 16.4 அங்குலம். .22 எல்ஆர் குழல்கள் வழக்கமாக 16 அங்குல முறுக்கில் வருவதோடு இது அழகாகப் பொருந்துகிறது.

.223 குழலின் கதை வேறு. ஏஆர்-15-இன் ராணுவ வடிவமான எம்16 ரைஃபிள் முதலில் 14 அங்குல முறுக்கில் வந்தது. கடுங்குளிரின் அடர்ந்த காற்றில் குண்டு தடுமாறியதால் 12 அங்குலமாக இறுக்கினார்கள். அதன் பிந்தைய வடிவமான எம்16ஏ2-இல் 62 கிரெயின் குண்டையும், அதைவிட நீளமான ஒளிக்கோட்டுக் குண்டையும் சுட வேண்டியிருந்ததால் 7 அங்குலத்துக்குப் போனார்கள். இன்று கடையில் கிடைக்கும் ஏஆர் குழல்களில் 7, 8, 9 அங்குலங்களே அதிகம். சின்ன .22 குண்டு இப்படிப்பட்ட குழலுக்குள்தான் நுழைகிறது.

நொடிக்கு 330 மீட்டரில் வெளியேறும் .22 குண்டு 16 அங்குல முறுக்கில் நிமிடத்துக்குச் சுமார் 48,700 சுற்று சுழலும். 7 அங்குலத்தில் அது ஏறத்தாழ 1,11,000. இந்த எண்ணைப் பார்த்து ஈயம் பிய்ந்து சிதறும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் தேவையில்லை. குண்டின் மேற்பரப்பு அப்போது நொடிக்கு 33 மீட்டர்தான் நகர்கிறது; ஈயம் அதைத் தாங்கும். நிலைத்தன்மையும் கெடுவதில்லை. முறுக்கு நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் அது ஏறுவதால், 16-இலிருந்து 7-க்கு வரும்போது 5 மடங்காகிறது.

அப்படியானால் கெடுவது எது? குண்டின் எடைமையம்.

எந்தக் குண்டும் முழுச் சமனாக இருப்பதில்லை. லட்சக்கணக்கில் வார்த்து அழுத்தும் மலிவான ஈயக் குண்டில் எடைமையம் நடு அச்சிலிருந்து மயிரிழையாவது விலகியிருக்கும். குழலுக்குள் சுவர்கள் பிடித்துக்கொள்வதால் குண்டு தன் வடிவ அச்சைச் சுற்றியே சுழல்கிறது. எடைமையம் அந்த அச்சைச் சுற்றி ஒரு சிறு வட்டமடிக்கிறது. வாய் முனையில் பிடி விட்டதும், கவணிலிருந்து விடுபட்ட கல்போல அந்த மையம் தொடுகோட்டுத் திசையில் விலகிப் போகிறது. விலகும் கோணத்தைக் கணக்கிட, விலகல் அளவை 2π-ஆல் பெருக்கி முறுக்கு நீளத்தால் வகுக்க வேண்டும். வேகம் இந்தக் கணக்கில் வருவதே இல்லை என்பதைக் கவனியுங்கள். முறுக்கு மட்டுமே வருகிறது.

எடைமையம் 0.01 மில்லிமீட்டர் விலகிய ஒரு குண்டை எடுத்துக்கொள்வோம். 50 மீட்டரில் அது 16 அங்குல முறுக்கில் 7.7 மிமீ தள்ளி விழும். 12 அங்குலத்தில் 10.3 மிமீ, 9 அங்குலத்தில் 13.7 மிமீ, 7 அங்குலத்தில் 17.7 மிமீ. விலகிய பக்கம் தோட்டாவுக்குத் தோட்டா வேறு திசையில் அமர்வதால், இவை வட்டத்தின் ஆரங்கள். குறித்தொகுதியின் (இலக்கில் விழுந்த துளைக் கூட்டத்தின்) அகலம் இதைப்போல் இரு மடங்கு வரை போகும். சீரான போட்டித் தோட்டாவில் முறுக்கின் பாதிப்பு குறைவாகவும், மொத்தமாக வாங்கும் மலிவுத் தோட்டாவில் அதிகமாகவும் தெரிவது இதனால்தான்.

மாற்று போல்ட் இந்த விலகலை இன்னும் கூட்டிவிடுகிறது. .223 தோட்டாக் கூட்டின் நீளம் 44.7 மிமீ, .22 எல்ஆர் கூட்டின் நீளம் 15.6 மிமீ. இடைவெளியை நிரப்ப, வெளியே .223 கூட்டின் வடிவமும் உள்ளே .22 அறையும் கொண்ட ஓர் அடாப்டர் பொருத்தப்படுகிறது. குண்டு கூட்டைவிட்டுக் கிளம்பி, வரியில்லாத வழவழப்பான துளையில் ஓடி, அதன்பிறகே வரிகளைக் கவ்வுகிறது. அடாப்டர் குழலின் நடு அச்சோடு துல்லியமாகப் பொருந்தாவிட்டால் குண்டு சாய்ந்து நுழையும். சாய்ந்து நுழைந்த ஈயத்தில் வரிகளும் சாய்ந்தே பதியும், எடைமையம் ஒருபக்கம் ஒதுங்கும். அந்தப் பிழையைத்தான் 7 அங்குல முறுக்கு இரண்டேகால் மடங்காக்குகிறது. துளையும் சற்றுப் பெரிது. .22 எல்ஆர் குழலின் பள்ள விட்டம் 0.222 அங்குலம், .223-இல் 0.224. இந்த 0.05 மிமீ வித்தியாசத்தால் குண்டு தளர்வாக அமர்ந்தால் சூடான வாயு பக்கவாட்டில் கசிந்து ஈயத்தை அரித்துக் குழலில் பூசலாம்.

வேகத்திலும் ஓர் இழுபறி உண்டு. மாற்று போல்ட் வெறும் பின்னுதைப்பில் (தோட்டாக் கூடு பின்னால் தள்ளும் விசையில்) இயங்குவதால் நொடிக்கு 370 மீட்டரை ஒட்டிய அதிவேகத் தோட்டாவில்தான் தடங்கலின்றி ஓடும். அந்தக் குண்டோ 50 மீட்டர் வாக்கில் ஒலிவேகத்துக்குக் கீழே இறங்கும்போது அதிர்ச்சியலைகளால் அலைக்கழிகிறது. துல்லியத்துக்கு உகந்த 320–330 மீட்டர் வேகத் தோட்டா அங்கே அடிக்கடி வெற்றுக்கூட்டை வெளியே தள்ளாமல் சிக்கும். துல்லியம் மட்டுமே நோக்கம் என்றால், மெதுவான தோட்டாவைப் போட்டு ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுப்பதுதான் என் பரிந்துரை.

இறுக்கமான முறுக்குக்கு நன்றி சொல்ல வேண்டிய ஒரு தோட்டாவும் இருக்கிறது. அகிலா நிறுவனத்தின் 60 கிரெயின் எஸ்எஸ்எஸ் தோட்டாவின் குண்டு வழக்கத்தைவிட மிக நீளம். 16 அங்குல முறுக்குக் குழலில் அது கவிழ்ந்து, காகிதத்தில் சாவித்துளை வடிவ ஓட்டை போடும். 9 அங்குல முறுக்குக் குழலில் நேராகப் பறக்கும்.

உங்கள் குழலின் முறுக்கு தெரியாவிட்டால் அளந்துவிடலாம். மேகஸினைக் கழற்றி, அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். கைப்பிடி தாராளமாகச் சுழலும் துடைப்புக் கம்பியில் இறுக்கமான துணியைச் செருகி உள்ளே தள்ளுங்கள். கம்பியில் மேல்நோக்கி ஒரு புள்ளி வைத்து, வாய் முனைக்கு நேரே நாடா ஒட்டுங்கள். புள்ளி ஒரு சுற்று முடித்து மீண்டும் மேலே வரும்வரை இழுத்து, நாடா நகர்ந்த தூரத்தை அளந்தால் அதுவே முறுக்கு. துணி வழுக்கினால் அளவு நீண்டு காட்டும் என்பதால் மூன்று முறை அளப்பது நல்லது.

தோட்டாக்களை ஒப்பிடும்போது, ஒவ்வொரு வகைக்கும் முதல் 10 சுடுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குண்டின் மெழுகுப் பூச்சு வகைக்கு வகை மாறும்; புதிய பூச்சு குழலில் படியும்வரை குறி அலையும். பிறகு 50 மீட்டரில் 10 சுடுகளாக ஐந்து தொகுதிகள் சுடுங்கள். மூன்று சுடுகளில் அழகாக அமைந்த ஒரு தொகுதியை நம்பித் தோட்டா வாங்கி ஏமாந்தவர்கள் ஏராளம்.

நல்லவிதமாகத் தொடங்கிய குறி நூறு இருநூறு சுடுகளுக்குப் பிறகு விரிந்துகொண்டே போனால், முறுக்கைத் தொடாமல் முதலில் அடாப்டரின் முன்விளிம்பைப் பாருங்கள். அங்கே ஈயம் மோதிரமாகப் படிந்திருக்கும். அதைச் செம்புத் தூரிகையால் சுரண்டி எடுங்கள். .223-க்குத் திரும்புமுன் குழலையும் வாயுத் துளையையும் (.223 போல்ட்டை இயக்கும் வாயு குழலிலிருந்து வெளியேறும் துளை) ஈயம் போகத் துடைத்துவிடுங்கள். வாயுத் துளை அடைபட்டால் .223 போல்ட் முழுதாகப் பின்னால் வராமல் சிக்கும்.