22 நாள் தடை, 25 கிலோ அரிசி: வங்கதேசத்தின் இலிஷ் மீனவர் உதவித் திட்டம்

நாம் உள்ளம் மீன் என்பதைத்தான் வங்காளிகள் இலிஷ் என்கிறார்கள். அது முட்டையிடும் காலத்தில் வங்கதேசத்தில் மீன்பிடிக்கத் தடை, அப்போது மீனவர் குடும்பத்துக்கு அரசு அரிசி. நன்னீர் மீன் என்றாலே கொழுப்புக் குறைவு என்ற பொதுக்கணக்கைப் பொய்யாக்கும் மீன் இது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி 100 கிராம் ரோகுவில் கொழுப்பு 1.4 கிராம், கட்லாவில் 2.4, இலிஷில் 19.4.

கடலில் வாழ்ந்து முட்டையிட ஆறேறும் மீன் என்றாலும், ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் உணவுக் கணக்கில் இலிஷ் நன்னீர் மீன் தொகுதியிலேயே சேர்கிறது. 2022 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி வங்கதேசத்தில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 67.8 கிராம் மீன் உண்கிறார். நாட்டின் மீன் உற்பத்தியில் இலிஷின் பங்கு ஏறத்தாழ 12 விழுக்காடு. தட்டிலும் அதே விகிதம், மீதியெல்லாம் ரோகு என்று வைத்துப் பாருங்கள்: 8 கிராம் இலிஷிலிருந்து 1.6 கிராம் கொழுப்பு, கிட்டத்தட்ட 60 கிராம் ரோகுவிலிருந்து 0.8 கிராம். அங்கே நிறைய உண்ணப்படும் பாங்கஸ் என்ற வளர்ப்புக் கெளுத்தி கொழுத்த மீன் என்பதால் உண்மையில் இந்த இடைவெளி இவ்வளவு இருக்காது. ஆனாலும் இலிஷ் குறைந்தால் தட்டில் என்ன குறையும் என்பது இதில் தெரிந்துவிடும்.

மீன் ஆறேறி முட்டையிட்டால்தான் அடுத்த ஆண்டு மீன். அதற்காகத்தான் தடைக்காலம், தடையால் வேலையிழக்கும் குடும்பத்துக்கு அரிசி.

தடை ஒன்றல்ல. முதலாவது, வங்க நாட்காட்டியின் ஆசுவின மாதப் பௌர்ணமியை ஒட்டி வரும் 22 நாள். 2024இல் அக்டோபர் 13 முதல் நவம்பர் 3 வரை, 2025இல் அக்டோபர் 4 முதல் 25 வரை. நிலவைப் பார்த்துக் குறிப்பதால் தேதி ஆண்டுதோறும் மாறும். 2011இல் 11 நாள், 2015இல் 15 நாள் என்றிருந்ததை, பௌர்ணமி, அமாவாசை இரண்டும் அடங்கவேண்டும் என்பதற்காக 2016இல் 22 ஆக்கினார்கள். இந்த நாட்களில் பிடிப்பது மட்டுமல்ல, ஏற்றிச் செல்வது, ஐஸில் வைப்பது, விற்பது எல்லாமே குற்றம்.

இரண்டாவது, ஜாட்கா தடை. 25 சென்டிமீட்டருக்குக் குறைந்த குட்டி இலிஷுக்கு ஜாட்கா என்று பெயர். நவம்பர் 1 முதல் ஜூன் 30 வரை அதைத் தொடக்கூடாது. இலிஷ் வலையின் கண் 6.5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. கரண்ட் வலை எனப்படும் ஒற்றை நைலான் இழை வலைக்கு முழுத் தடை. மூன்றாவது, காப்பிடங்கள், அதாவது இலிஷைக் காக்கக் குறித்த ஆற்றுப் பகுதிகள், மொத்தம் ஆறு. சாந்த்பூரின் ஷாட்னோல் தொடங்கி லட்சுமிப்பூரின் சர் அலெக்சாண்டர் வரை மேக்னா ஆற்றில் 100 கிலோமீட்டர் அவற்றுள் ஒன்று. ஐந்து காப்பிடங்கள் மார்ச், ஏப்ரலில் மூடப்படும். படுவாகாலியின் ஆந்தார்மாணிக் ஆறு மட்டும் நவம்பர் முதல் ஜனவரி வரை.

மீறினால் 1950ஆம் ஆண்டு மீன்வளப் பாதுகாப்புச் சட்டப்படி ஓராண்டு முதல் ஈராண்டு வரை சிறை, அல்லது 5,000 டாக்கா வரை அபராதம், அல்லது இரண்டும். வலையைப் பிடித்தால் எரித்துவிடுவார்கள். அபராதத்தைவிட மீனவருக்கு வலிப்பது அதுதான்.

இனி அரிசி. நலிந்தோர் உணவு உதவித் திட்டத்தின்கீழ் 22 நாள் தடைக்குக் குடும்பத்துக்கு 25 கிலோ (முன்பு 20 கிலோ). ஜாட்கா தடைக்குப் பிப்ரவரி முதல் மே வரை நான்கு மாதம், மாதம் 40 கிலோ. இதற்கு மீனவர் அடையாள அட்டை வேண்டும். தேசிய அடையாள அட்டையோடு உபஜிலா (நம் வட்டம் போன்றது) மீன்வள அலுவலகத்தில் பதிவு செய்து வாங்க வேண்டும். அரிசி கொடுப்பது யூனியன் பரிஷத், அதாவது அங்குள்ள ஊராட்சி.

அட்டை இருப்பவர் எல்லாருக்கும் அரிசி கிடைத்துவிடாது. அந்தந்த யூனியனுக்கு ஒதுக்கீடு எவ்வளவோ, பட்டியலும் அவ்வளவுதான். பெயர் இருக்கிறதா என்பதைத் தடை தொடங்குமுன் பார்த்துவிடுவது நல்லது. வழக்கமான புகார்கள் மூன்று: தடை முடியும் தறுவாயில் அரிசி வருவது, எடை குறைவது, மீன் பிடிக்காதவர் பெயர் பட்டியலில் ஏறுவது.

சரியாகவே கிடைத்தாலும் போதாது. அதே 2022 கணக்கெடுப்பில் ஒருவரின் சராசரி அரிசி நுகர்வு நாளுக்கு 328.9 கிராம். ஐந்து பேர் கொண்ட வீட்டுக்கு 22 நாளைக்கு 36 கிலோ வேண்டும், வருவது 25. குழம்புக்கு எண்ணெய், பருப்பு, பிள்ளைக்கு மருந்து, இதற்கெல்லாம் திட்டத்தில் பணமில்லை. அந்த இடத்தில்தான் தாதோன் நுழைகிறது. மீன் மண்டிக்காரர் தரும் முன்பணம் அது. வட்டியாகக் கேட்கமாட்டார், பிடிக்கும் மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே போடவேண்டும். சில மீனவர் இரவில் படகெடுப்பதற்கு இந்தக் கடனும் ஒரு காரணம்.

நாட்காட்டியிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. ஜாட்கா தடை எட்டு மாதம், அரிசி நான்கு மாதம். மற்ற மாதங்களில் பெரிய மீனைச் சரியான வலையால் பிடிக்கலாமே என்பது இதற்கான நியாயம். மேக்னாக்காரருக்கு அது ஓரளவு பொருந்தும், அவர்களுடைய மார்ச், ஏப்ரல் மூடல் அரிசி மாதங்களுக்குள் வந்துவிடுகிறது. ஆந்தார்மாணிக் ஆற்றை நம்பியிருப்பவருக்கோ ஆறு மூடியிருப்பது நவம்பர் முதல் ஜனவரி. ஜாட்கா அரிசி தொடங்குவது பிப்ரவரியில்.