டிஎல்எல்: பகிர் நிரலகம்

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ கணினி திருத்தும் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் "டிஎல்எல் இல்லை எண்டு காட்டுது" என்ற பேச்சு காதில் விழும். டைனமிக் லிங்க் லைப்ரரி என்பதன் சுருக்கம் அது. பல செய்நிரல்களுக்கும் (புரோகிராம்களுக்கும்) பொதுவாக வேண்டிய கட்டளைகளை ஒரே கோப்பில் வைத்து, அவை ஓடும்போது இணைத்துக்கொள்ளும் விண்டோஸ் ஏற்பாடு.

லைப்ரரியின் வேர் இலத்தீன் 'லிபர்'. முதலில் மரத்தின் உட்பட்டை, பிறகு நூல். 1949இல் கேம்பிரிட்ஜில் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினியில் அந்தச் சொல் நேர்ப்பொருளிலேயே வழங்கியது: அடிக்கடி தேவைப்படும் துணைநிரல்களைத் துளையிட்ட காகித நாடாக்களில் பதித்து அலுமாரியில் அடுக்கியிருந்தார்கள். வேண்டியவர் எடுத்துத் தம் நாடாவில் பிரதி செய்துகொள்வார். டிஎல்எல்லில் அந்தப் பிரதி கிடையாது. நினைவகத்தில் இருக்கும் ஒரே கட்டளைத் தொகுதியைப் பல செய்நிரல்கள் பகிர்கின்றன.

அதனால்தான் 'இயங்குநிலை இணைப்பு நூலகம்' என்ற சொல்லுக்குச் சொல்லான மொழிபெயர்ப்பு எனக்குப் போதவில்லை. நூலகம் என்றதும் புத்தகங்களும் ஊர் வாசிகசாலையும்தான் மனதில் வரும். செய்நிரல் எங்கள் பாடநூல்களில் நிலைத்த சொல். அதன் வழியே 'பகிர் நிரலகம்' என்பதே பொருத்தம். லினக்ஸிலுள்ள இதே வகைக் கோப்புக்கும் அது பொருந்தும்.

பகிர்வதில்தான் சிக்கலும் இருக்கிறது. பணிசெயல் முறைமை கோப்பு முழுவதையும் ஒரேயடியாக நினைவகத்துக்கு எடுப்பதில்லை. தேவைப்படும் பகுதியைத் தேவைப்படும்போது வட்டிலிருந்து எடுக்கும். இடையில் கோப்பின் உள்ளடக்கம் மாறினால் பாதி பழையது, பாதி புதியது என்றாகிச் செய்நிரல் விழுந்துவிடும். ஆகவே 'பாவனையில் உள்ள கோப்பு' என்று சொல்லி விண்டோஸ் பூட்டிவிடுகிறது. மேலெழுத முடியாது, அழிக்க முடியாது. அதே வட்டுப் பிரிவுக்குள் பெயர் மாற்ற மட்டும் பொதுவாக விடும். (பாவனை என்பது நம்மவர் வழக்கு, தமிழ்நாட்டில் 'பயன்பாட்டில் உள்ள' என்பார்கள்.)

தமிழில் தட்டச்சு செய்வோர் இதை நேரே சந்திக்கிறார்கள். தமிழ் விசைப்பலகை மென்பொருளின் நிரலகம் வேர்டு, உலாவி என்று தட்டச்சு நடக்கும் சாளரங்களுக்குள் எல்லாம் ஏறி நிற்கும். புதிய பதிப்பை நிறுவ வரும் செய்நிரல் அதை அந்தக் கணமே மாற்ற வழியில்லை. புதிய கோப்பைத் தற்காலிகப் பெயரில் பக்கத்தில் வைத்துவிட்டு, 'அடுத்த தொடக்கத்தில் இதை அதன் இடத்துக்கு மாற்று' என்று விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் பதிவேட்டில் குறித்துவிடும். இப்படி நிறுவும் செய்நிரல்களை உருவாக்கும் கருவிகளில் ஒன்றான இன்னோ செட்டப்பில் இதற்கான குறிச்சொல் 'ரீஸ்டார்ட்ரிப்பிளேஸ்', இன்னொன்றான என்எஸ்ஐஎஸ்ஸில் 'ரீபூட்ஓகே'. விண்டோஸ் 95, 98 காலத்தில் இந்தக் குறிப்பு வின்இனிட் என்ற சிறு கோப்பில் இருந்தது. விண்டோஸ் விஸ்டா முதல், கோப்பைப் பிடித்திருக்கும் செய்நிரல்களை மூடச்சொல்லிக் கேட்கும் வசதியும் உண்டு. இந்த ஒத்திவைப்பை 'மீள்தொடக்க மாற்றீடு' எனலாம்.

லினக்ஸில் பழைய கோப்பின் பெயரை நீக்கிப் புதியதை வைத்தால் போதும். ஓடிக்கொண்டிருக்கும் செய்நிரல் மூடும்வரை பழையதையே பிடித்திருக்கும். அதே கோப்பின்மேல் நேரே பிரதி செய்வதுதான் ஆபத்து.

விண்டோஸ் 8 முதல் வந்த விரைவுத் தொடக்கம் இயக்கத்தில் இருந்தால், 'ஷட் டவுன்' செய்தாலும் முறைமையின் கருப்பகுதி உறங்கவைக்கப்பட்டு அப்படியே மீளும். பதிவேட்டில் குறித்த மாற்றீடு நடக்காது. மடிக்கணினியை மூடிவைப்பதும் அப்படித்தான். மாலையில் கடையைப் பூட்டும்போது அணைத்துக் காலையில் போட்டும் பழைய நிரலகமே கிடந்தால், பட்டியலில் 'ரீஸ்டார்ட்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள்.