பழைய காரின் கியர்பாக்ஸ் ஆயில்: மாற்றுவதா, தொடாமல் விடுவதா?

பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். ஓடோமீட்டர் 1,20,000 கிலோமீட்டர் காட்டுகிறது. கியர்பாக்ஸ் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ஒரு சீட்டும் இல்லை. ஒரு மெக்கானிக், "இன்னைக்கே மாத்திடுங்க" என்கிறார். இன்னொருவர், "இத்தனை வருஷம் ஓடினது அப்படியே ஓடட்டும், கை வச்சா பெட்டியே போயிடும்" என்கிறார். இருவருமே கைதேர்ந்தவர்கள். இருவர் பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் சிக்கல்.

எஞ்சின் ஆயிலை வைத்து இதை யோசித்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஆட்டோமேட்டிக் பெட்டிக்குள் ஆயில்தான் பாதி இயந்திரம். எஞ்சினின் சுழற்சியைப் பல்சக்கரங்களுக்குக் கொண்டுசேர்ப்பது இரண்டுக்கும் நடுவே இருக்கும் டார்க் கன்வர்ட்டர் என்ற பாகத்துக்குள் சுழலும் ஆயில். எந்த கியர் விழ வேண்டுமோ அதற்கான கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும், பம்ப் தரும் ஆயில் அழுத்தம்தான். அந்தத் தட்டுகளின் மேல் ஒட்டியிருப்பது, காகிதம் மாதிரியான ஒரு மெல்லிய நார்ப் படலம். அது எப்போதும் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கும்.

இங்கேதான் வேடிக்கை. பல்சக்கரமும் பேரிங்கும் வழுக்க வேண்டும்; கிளட்ச் தட்டு வழுக்காமல் கவ்வ வேண்டும்; கவ்வும்போதும் வெடுக்கென்று இல்லாமல் பதமாகக் கவ்வ வேண்டும். இத்தனைக்கும் ஒரே ஆயில். இந்தப் பதத்தைக் கொடுப்பவை, ஆயிலில் கலந்திருக்கும் உராய்வுச் சேர்மானங்கள். ஒரு காலத்தில் இதற்கு எண்ணெய்த் திமிங்கலத்தின் எண்ணெயைத்தான் சேர்த்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா திமிங்கலப் பொருட்களுக்குத் தடை போட்ட பிறகுதான் மாற்றுச் சேர்மானம் தேடி ஓடினார்கள்.

இந்தப் பெட்டிக்குள் எரிபொருள் எரிவதில்லை, கரி சேர்வதில்லை. அதனால் ஆயில் நீண்ட நாள் தாங்கும் என்பது உண்மை. சில கையேடுகளில் 'வாழ்நாள் முழுதும் மாற்ற வேண்டாம்' என்றுகூட இருக்கும். யாருடைய வாழ்நாள் என்று மட்டும் எழுதியிருக்காது. சூடு இருக்கிறதே, அது சும்மா விடாது. பெட்டி சாதாரணமாக 80, 90 டிகிரி செல்சியஸில் வேலை செய்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். நெரிசலில் ஊர்ந்த வண்டியும், மலையேறிய வண்டியும், டிரெய்லர் இழுத்த வண்டியும் ஒரே கிலோமீட்டர் காட்டினாலும் ஒரே வயதுடையவை அல்ல. கெட்ட ஆயில் மெல்லிய பிசினாகப் படிந்து, ஆயிலைத் திருப்பிவிடும் வால்வுகள் ஓடும் குறுகலான வழிகளை இறுக்கிவிடும்.

சரி, 'மாற்றினால் பெட்டி போய்விடும்' என்ற பயம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் இது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பத்து வருடம் ஆயிலைத் திரும்பிப் பார்க்காதவர், கியர் நழுவ ஆரம்பித்த பிறகுதான் ஓடிவந்து மாற்றுவார். கிளட்ச் படலம் அதற்குள் தேய்ந்து முடிந்திருக்கும். அடுத்த மாதம் பெட்டி நின்றால் பழி புது ஆயில் மேல். உதிர்ந்த கிளட்ச் தூள் பழைய ஆயிலில் மிதந்து பிடிமானம் கொடுத்துவந்தது, அதை வடித்ததால்தான் நழுவுகிறது என்றொரு விளக்கமும் உண்டு. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் இயந்திரம் வைத்து அழுத்தத்தோடு கழுவினால், அடியில் சிவனே என்று கிடந்த கசடு கிளம்பி வால்வில் போய் அடைக்க வாய்ப்பு இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானது.

ஆகவே ஓடோமீட்டரை விட்டுவிட்டு ஆயிலைப் பாருங்கள். ஒரு வெள்ளை டிஷ்யூ தாளில் ஒரு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். நல்ல ஆயில் சிவப்பாகவோ இளம் பழுப்பாகவோ அகலமாகப் பரவும். கெட்டது நடுவில் கறுத்துத் திட்டாக நின்றுவிடும். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது, சில ஆயில்கள் சீக்கிரமே கறுக்கும். மோந்து பாருங்கள், துணி கருகிய வாடை வந்தால் கிளட்ச் எரிந்திருக்கிறது. பால் கலந்த ரோஸ் நிறத்தில் இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். அது படலத்தின் பசையையே கெடுக்கும், வண்டியை ஓட்டாதீர்கள்.

அப்புறம் ஓட்டிப் பார்க்க வேண்டும். மிதமான வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துப் போகும்போது, வரிசையாகப் போட்ட சின்ன மேடுகளின் மேல் ஏறுவது போல ஒரு நடுக்கம் வரும் வண்டிகள் உண்டு. டார்க் கன்வர்ட்டருக்குள் இருக்கும் கிளட்ச், பதம் போன ஆயிலில் பிடித்துப் பிடித்து விடுவதால் வருவது அது. நான் வாங்கிய ஒரு பழைய வண்டியில் இது இருந்தது. இரண்டு முறை ஆயில் மாற்றியதும் போய்விட்டது. எஞ்சின் உறுமுகிறது, வேகம் மட்டும் ஏறவில்லை என்றால் கதை வேறு. அது நழுவல். தேய்ந்த படலத்தை எந்த ஆயிலும் முளைக்க வைக்காது. அந்தப் பணத்தைப் பெட்டியைப் பிரிப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நழுவல் இல்லாத வண்டிக்கு என் கட்சி, மாற்றுங்கள் என்பதே. கழுவும் இயந்திரம் வேண்டாம், வடித்து ஊற்றினால் போதும். பெட்டியில் மொத்தம் 8 லிட்டர் என்றால் அடி போல்ட்டைக் கழற்றினால் 4 லிட்டர்தான் வரும். மீதி கன்வர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். முதல் முறை பாதி புதிது. சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி செய்தால் முக்கால். மூன்றாவது முறை 87.5 சதவீதம். மெதுவான வழிதான், ஆனால் கசடு ஒரேயடியாகக் கிளம்பாது.

அடித்தட்டைக் கழற்ற நேர்ந்தால் அதிலுள்ள காந்தத்தை விரலால் வழித்துப் பாருங்கள். கண்மை போல வழவழப்பான சாம்பல் நிறப் பசை ஒட்டினால் கவலையில்லை, அது வழக்கமான தேய்மானம். நகத்தில் நெருடும் இரும்புச் சில்லுகளோ, தட்டில் பித்தளைத் துணுக்குகளோ இருந்தால் பேச்சே வேறு.

எல்லாப் பெட்டிக்கும் ஒரே ஆயில் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிவிடி என்பது தனித்தனி கியர்கள் இல்லாத ஆட்டோமேட்டிக் பெட்டி; அதில் இரும்புப் பட்டை உலோகக் கப்பிகளின் நடுவே கவ்வி ஓடுகிறது. அதற்கென்று செய்த ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது. ஏஎம்டி என்பது கியர் மாற்றும் வேலையை மோட்டாருக்கோ பம்புக்கோ விட்ட சாதாரண மேனுவல் பெட்டிதான், அதற்கு மேனுவல் கியர் ஆயில்.

மாற்றிய பிறகு பெட்டி போனதாகச் சொல்லப்படும் கதைகள் பலவற்றில், குற்றவாளி ஆயில் அளவாக இருக்கலாம் என்பது என் சந்தேகம். ஆயில் குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். காற்று நசுங்கும், அழுத்தம் சேராது, கிளட்ச் நழுவும். கூடினாலும் சுழலும் பாகங்கள் கடைந்து நுரைக்க வைத்துவிடும். 8 லிட்டர் ஆயில் 50 டிகிரி சூடேறினால் சுமார் 300 மில்லி பெருகும்; குளிர்ந்த பெட்டியில் பார்த்த அளவு இதனாலேயே பொய் சொல்லும். டிப்ஸ்டிக், அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பி, இல்லாத பெட்டிகளில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், கையேட்டில் சொன்ன சூட்டுக்கு ஆயில் வந்திருக்க வேண்டும், வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். அப்போது அளவுத் துளையைத் திறந்தால் மிகுதி ஆயில் நூல் போல ஒழுகும். நூல் அறுந்து சொட்டாக மாறும்போது போல்ட்டை மூடுங்கள்.