நெட் மீட்டரிங்: நிகர அளவீடா, நிகரக் கணக்கா?

கூரையில் சோலார் போட்ட வீடுகளில் முதல் பில் வந்ததும் எழும் சந்தேகம் பெரும்பாலும் இதுதான்: "இன்வெர்ட்டர் 400 யூனிட் உற்பத்தி என்று காட்டுகிறது, பில்லில் 220 யூனிட்தான் வரவு வைத்திருக்கிறார்களே?" யாரும் எதையும் திருடவில்லை. பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் காட்டுவது மொத்த உற்பத்தியை. மீதி 180 யூனிட்டைப் பகலிலேயே ஃபிரிட்ஜும் ஏசியும் மோட்டாரும் இழுத்துக்கொண்டன. அது மீட்டர் வரைக்கும் வரவே இல்லை. மீட்டருக்குத் தெரிந்தவை இரண்டுதான்: கிரிட்டிலிருந்து, அதாவது ஊருக்கெல்லாம் பொதுவான மின்கம்பி வலைப்பின்னலிலிருந்து, வீட்டுக்குள் வந்த மின்சாரம், வீட்டிலிருந்து கிரிட்டுக்குப் போன மின்சாரம். வந்ததிலிருந்து போனதைக் கழித்து, மிஞ்சிய யூனிட்டுக்கு மட்டும் கட்டணம் போடும் முறைக்குப் பெயர் நெட் மீட்டரிங். இறக்குமதி 300, ஏற்றுமதி 220 என்றால் 80 யூனிட்டுக்குப் பணம் கட்டினால் போதும். நிலைக்கட்டணம் இருந்தால் அது தனி.

இந்த 'நெட்'டுக்கும் மீன்பிடி வலைக்கும் தொடர்பில்லை. இயந்திரத்திடம் மொழிபெயர்க்கக் கொடுத்து 'வலை அளவீடு' என்று வந்தால் சிரித்துவிட்டு அழித்துவிடலாம். வலையைக் குறிக்கும் 'நெட்' ஜெர்மானிய மொழிக் குடும்பத்துச் சொல். கணக்கில் வரும் 'நெட்' லத்தீனின் 'நிடிடுஸ்' என்பதிலிருந்து பிரெஞ்சு, இத்தாலிய வழியாக வந்தது. நிடிடுஸ் என்றால் பளபளப்பானது. அது 'சுத்தமானது' ஆகி, பிறகு 'கழிவெல்லாம் போக மிஞ்சியது' ஆயிற்று. மீட்டரின் வேர் கிரேக்க 'மெட்ரோன்', அதாவது அளவு.

தமிழில் இதற்கு 'நிகர' என்ற சொல் தயாராகவே இருக்கிறது. நிகர லாபம், நிகர வருமானம் எல்லாம் நமக்குப் பழகியவை. 'நிகர்' என்பதன் முதன்மைப் பொருள் ஒப்பு, சமம். நிகரற்ற என்று சொல்கிறோமே, அது. ஆனால் அதே சொல்லுக்கு ஒளி என்றும் ஒரு பொருள் உண்டு. சங்கப் பாடலில் வரும் 'நிகர்மலர்' ஒளியுடைய மலர்தான். லத்தீன் சொல்லும் தமிழ்ச் சொல்லும் பளபளப்பில் சந்திப்பது தற்செயல்தான், உறவு எதுவும் இல்லை. சூரிய மின்சாரக் கணக்குக்கு இந்தத் தற்செயல் பொருத்தமாக அமைந்துவிட்டது.

சரி, 'மீட்டரிங்' என்பதை எப்படிச் சொல்வது? முறை தொடங்கிய காலத்தில் 'அளவீடு' என்பதே சரி. 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் ஒரு சோதனை வீட்டிலும் இது முதலில் நடைமுறைக்கு வந்தது. அன்றைய மீட்டருக்குள் ஓர் அலுமினிய வட்டு சுழலும். மின்சாரம் உள்ளே வந்தால் முன்பக்கமாக, வெளியே போனால் பின்பக்கமாக. கழித்தலை மீட்டரே செய்துவிடும். மாதத் தொடக்கத்தில் அது காட்டிய எண்ணுக்கும் மாதக் கடைசியில் காட்டும் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் நிகரம். 1983இல் மினசோட்டா மாநிலம் சட்டமே இயற்றியது. 40 கிலோவாட்டுக்குக் குறைவாக உற்பத்தி செய்பவர்கள் மிச்சத்தை அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோகலாம் அல்லது பணமாக வாங்கிக்கொள்ளலாம் என்றது.

இன்றைய இருதிசை மீட்டர் பின்னோக்கிச் சுழல்வதில்லை. இறக்குமதிக்கு ஓர் எண், ஏற்றுமதிக்கு ஓர் எண் என்று தனித்தனியாகப் பதிகிறது. கழித்தல் நடப்பது பில் போடும் கணினியில். அதனால் 'நிகரக் கணக்கீடு' என்பதே இன்று நடப்பதற்கு நெருக்கமான பெயர். என்றாலும் 'நிகர அளவீடு' புழங்கத் தொடங்கிவிட்டது, அதை மாற்ற மெனக்கெட வேண்டாம் என்பேன். 'கணக்கு' என்ற சொல்லுக்கு வேறொரு வேலை காத்திருக்கிறது.

அது நெட் பில்லிங். பெயர் ஒன்றுபோல ஒலிப்பதால் இரண்டும் ஒன்றென்று நினைத்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டு. நெட் மீட்டரிங்கில் யூனிட்டிலிருந்து யூனிட்டைக் கழிக்கிறோம். நெட் பில்லிங்கில் பணத்திலிருந்து பணத்தைக் கழிக்கிறோம்; நீங்கள் கொடுக்கும் யூனிட்டுக்கு ஒரு விலை, வாங்கும் யூனிட்டுக்கு வேறு விலை. ஏற்றுமதி விலை இறக்குமதி விலையில் கால்பங்கு என்று வையுங்கள். நீங்கள் அனுப்பிய 220 யூனிட், 55 யூனிட்டின் மதிப்புக்குத்தான் கழியும். முன்பு 80 யூனிட்டுக்குக் கட்டிய அதே வீடு இப்போது 245 யூனிட்டுக்கான பணத்தைக் கட்டும். கலிபோர்னியா 2023 ஏப்ரலில் புதிதாக விண்ணப்பிப்பவர்களை இந்த முறைக்கு மாற்றியபோது எழுந்த சண்டையெல்லாம் இதைப் பற்றித்தான். அங்கே பேட்டரி வாங்குவோர் கூடியதற்கும் இதுவே காரணம்: மலிவாக விற்பதைவிடச் சேமித்து மாலையில் செலவழிப்பது லாபம். ஆகவே நெட் மீட்டரிங் 'நிகர அளவீடு', நெட் பில்லிங் 'நிகர விலைக்கணக்கு' என்று பிரித்து எழுதினால் குழப்பம் தீரும். உற்பத்தி முழுவதையும் கிரிட்டுக்கே விற்றுவிட்டு, வீட்டுக்கு வேண்டியதைத் தனியாக வாங்குவது 'மொத்த அளவீடு'.

சோலார் பேச்சில் அடிக்கடி வரும் இன்னொரு சொல் இன்சென்டிவ். அதற்கு 'ஊக்கத்தொகை' பொதுவாகப் பொருந்தும். லத்தீனில் அதன் வேர் சுருதி எடுத்துக் கொடுப்பதைக் குறித்தது. பிறரைப் பாடத் தூண்டுவது என்று கொள்ளலாம். ஆனால் பணம் எந்த வழியில் வருகிறது என்பதைச் சொல் காட்ட வேண்டும். பேனல் விலையில் ஒரு பங்கை அரசே கொடுத்தால் மானியம். கட்ட வேண்டிய வரியில் குறைத்துக்கொண்டால் வரிக்கழிவு. அமெரிக்காவில் வீட்டு சோலாருக்கு இருந்த 30 சதவீதச் சலுகை இந்த இரண்டாம் வகை. 2025 டிசம்பர் 31க்குப் பிறகான செலவுகளுக்கு அது இல்லை. வரியே கட்டாத குடும்பத்துக்கு அப்படிப்பட்ட கழிவால் ஒன்றும் கிடைக்காது, மானியமாக இருந்தால் கிடைக்கும். இரண்டையும் 'சலுகை' என்று பொத்தாம்பொதுவாக எழுதுவது வாங்குபவரைத் திசைதிருப்பிவிடும்.

'கிரெடிட்' என்பதற்கு 'வரவு' போதும். ஏற்றுமதி மிஞ்சிய மாதத்தில் வரவு வைத்து அடுத்த மாதத்தில் கழிப்பார்கள். வரவு என்றதும் நம் மின்சாரம் எங்கோ பத்திரமாக இருப்பதாகத் தோன்றும். அப்படியில்லை, பக்கத்து வீட்டு மின்விசிறி அதை அப்போதே சுற்றித் தீர்த்திருக்கும். மின்தடை வந்தால், பேட்டரி இல்லாத வீடு நல்ல வெயிலிலும் இருட்டில்தான். கம்பியில் வேலை செய்யும் ஊழியருக்கு மின்சாரம் தாக்கிவிடாதபடி, கிரிட் போனதும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். வரவுக்கு ஆயுளும் உண்டு. பல இடங்களில் ஆண்டுக்கொருமுறை கணக்கு முடிப்பார்கள். மிச்சத்துக்குச் சொற்ப விலை கொடுப்பதா, அப்படியே பூஜ்யமாக்குவதா என்பது ஊருக்கு ஊர் மாறும். ஒப்பந்தத்தில் அந்த வரி எங்கே இருக்கிறது என்று கையெழுத்துக்கு முன்பே தேடிப் பாருங்கள்.