கருவாட்டு வாசமும் புயல் கூண்டும்

கடலூர் முதுநகரில் துறைமுகம் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே கருவாட்டு வாசம் மூக்கைத் துளைக்கும். அங்கேயே கடை வைத்திருப்பவரிடம் சொன்னால் "என்ன வாசம்?" என்று நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். பத்து நிமிஷம் நின்றால் நமக்கும் அதே கதைதான்.

வாசம் எங்கும் போகவில்லை. மூக்கின் உச்சியில் இருக்கும் நரம்புச் செல்களில் வாசனை மூலக்கூறு ஒட்டியதும், செல்லின் சவ்வில் நுண்ணிய வாசல்கள் திறந்து கால்சியம் உள்ளே பாய்கிறது. அதில் எழும் மின்துடிப்புதான் மூளைக்குப் போகும் சேதி. வேடிக்கை என்னவென்றால், உள்ளே வந்த அதே கால்சியம்தான் வாசலைச் சாத்தவும் தொடங்குகிறது. நிலையாக இருப்பதைப் பற்றி நரம்புக்கு அக்கறை குறைவு. ஏதாவது மாறினால்தான் பேசும்.

உடம்பில் இப்படி என்றால் ஊரிலும் கிட்டத்தட்ட இப்படித்தான். துறைமுகத்தில் 1-ஆம் எண் புயல் கூண்டு ஏற்றினால் டிவியில்தான் பரபரப்பு. டீக்கடையில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை வந்தால் பார்த்துப் பார்த்துச் சலித்த கூண்டு அது. ஆனால் இங்கே மூக்கின் மேல் பழி போட முடியாது. பழகிப்போவது மூளையின் வேலை.

அதை நரம்பியல் விஞ்ஞானி எரிக் கேண்டல் ஆராய்ந்தது மனிதனிடம் அல்ல, கடல் முயல் என்ற, வெளியே ஓடில்லாத கடல் நத்தையிடம். அதன் நீர்க்குழாயைத் தொட்டால் செவுளைச் சட்டென்று உள்ளிழுக்கும். தொட்டுக்கொண்டே இருந்தால் கண்டுகொள்ளாது. நரம்பு முனை கசியவிடும் வேதிப்பொருள் குறைந்துவிடுகிறது. சரி, வாலில் ஒரு மின் அதிர்ச்சி கொடுத்துவிட்டு அப்புறம் தொட்டால்? முன்னைவிடப் பலமாக இழுக்கும். செரோட்டோனின் என்ற இன்னொரு வேதிப்பொருள் வந்து அந்தக் கசிவைக் கூட்டிவிடுகிறது. இந்த ஆராய்ச்சிக்காக 2000-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

தமிழ் இதையெல்லாம் முன்பே முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. மிளகாய் நாக்கில் உறைக்கிறது, சொன்ன சொல் புத்தியிலும் உறைக்கிறது. கையும் பரபரக்கிறது, ஊரும் பரபரக்கிறது.

எங்கள் பக்கத்துக்கு அந்த வால் அதிர்ச்சி 2011 டிசம்பர் 30 அன்று வந்தது. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. 1-ஆம் எண் கூண்டை அம்மா இன்றைக்கும் சட்டை செய்வதில்லை. ஆனால் மார்கழியில் தென்னை மட்டை கொஞ்சம் பலமாக உரசிக்கொண்டால் போதும், இருக்கிற குடத்திலெல்லாம் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு மெழுகுவத்தியைத் தேட ஆரம்பித்துவிடுவார்.