தானா சேவ் ஆகுது சார்!

இந்த வாரமும் ஒரு 3 மி.மீ. அலுமினியப் பிளேட் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. மாணவர்கள் ஆன்ஷேப்பில், அதாவது நெட்டிலேயே பலர் சேர்ந்து வரைகிற டிசைன் மென்பொருளில், வரைந்த ரோபோவின் கியர்பாக்ஸ் பிளேட். முதல் டிசைனில் மாட்யூல் (பல்லின் அளவு) 1, 20 பல்லும் 60 பல்லும், ஷாஃப்ட்டுக்கு ஷாஃப்ட் 40 மி.மீ. நடுவில் ஒரு தம்பி டார்க் (சுழற்றும் விசை) பத்தாது என்று 60-ஐ 64 ஆக்கியிருக்கிறார், மாடலிலும் தூரத்தை 42 என்று ஒழுங்காக மாற்றிவிட்டார். ஆனால் வெட்டச் சொல்லி என்னிடம் வந்த டிஎக்ஸ்எஃப் (லேசர் மெஷினுக்குக் கொடுக்கிற வரைபடக் கோப்பு), அதற்கு முந்தின வாரம் இன்னொருவர் இறக்கி வாட்ஸப் குரூப்பில் போட்டு வைத்தது. புதுக் கியர் வந்து மாட்டப் பார்த்தால் உட்காரவே இல்லை. "ஆன்லைன்ல கரெக்டாதான் சார் இருக்கு" என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டுகிறார்கள். இருக்கட்டும் தம்பி, பிளேட் என் மேசை மேல் அல்லவா இருக்கிறது?

காரைக்குடியில் லேசர் கட்டிங் பட்டறை நடத்துகிறேன், அதற்கு முன் மெஷின் டிசைனில் இருந்தவன். தேவகோட்டை, புதுவயல் பக்கமிருந்தெல்லாம் பிள்ளைகள் ரோபோ செய்ய வருகிறார்கள், ரொம்ப சந்தோஷம். ஆனால் எந்த டீமைக் கேட்டாலும் ஒரே பதில்: "கிளவுட்ல இருக்கு சார், தானா சேவ் ஆகிடும்."

தானாக சேவ் ஆகும்தான். ஆன்ஷேப்பில் சேவ் பட்டனே கிடையாது. சரியாகப் போட்டதும் சேவ் ஆகும், ராத்திரி தூக்கக் கலக்கத்தில் தப்பாக இழுத்து விட்டதும் சேவ் ஆகும், நீங்கள் அழித்ததும் அழிந்தபடியே சேவ் ஆகும். எது சரி, எது வெட்டத் தயார் என்று அதற்குத் தெரியாது. "ஹிஸ்டரி இருக்கே சார்" என்பீர்கள். இருக்கிறது, யார் எப்போது எதை மாற்றினார் என்று வரி வரியாக இருக்கும், எந்த வரிக்கு வேண்டுமானாலும் திரும்பிப் போகலாம். ஐந்து பேர் ஒரு வாரம் உட்கார்ந்து மாற்றிய வரிகளுக்குள் பட்டறைக்குக் கொடுத்த நிலை எது என்று தேடிப் பாருங்கள், அப்போது தெரியும். அதற்குத்தான் வெர்ஷன். அந்த நேரத்து டாக்குமென்டை ஒரு பெயர் கொடுத்து உறைய வைப்பது. அப்புறம் யாரும், நீங்களே நினைத்தாலும், அதை மாற்ற முடியாது. இதைச் செய்ய அரை நிமிடம் கூட ஆகாது, பிளேட்டுக்குக் காசு ஆகும்!

வெர்ஷனுக்கு 'வி3' என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள். 'கியர்பாக்ஸ் 64 பல், வெட்டக் கொடுத்தது' என்று வையுங்கள், இறக்கும் டிஎக்ஸ்எஃப் பெயரிலும் அதே வெர்ஷன் பெயர் இருக்கட்டும். யூனிட்டை மில்லிமீட்டர் என்று பார்த்து இறக்குங்கள். அங்குலத்தில் வந்த கோப்பை மெஷின் மில்லிமீட்டராகப் படித்தால் பிளேட் 25.4 மடங்கு சிறுத்துப் போகும். அது திரையிலேயே கண்ணில் பட்டுவிடும் என்பதால் அதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. 2 மி.மீ. தப்புதான் கண்ணில் படாது.

வெர்ஷன் போடச் சோம்பல்படுகிறவர்கள் எல்லாரும் செய்கிற இன்னொரு வேலை, டாக்குமென்டையே காப்பி எடுப்பது. 'ரோபோ ஃபைனல்', 'ரோபோ ஃபைனல் புதுசு', 'ரோபோ ஃபைனல் யாரும் தொடாதே'. காப்பி எடுத்த நிமிடமே இரண்டும் தனித்தனி ரோபோ, ஒன்றில் செய்த மாற்றம் மற்றதற்குப் போகாது. புதுசாக எதையாவது முயன்று பார்க்க வேண்டுமா, அதே டாக்குமென்டுக்குள் பிராஞ்ச் (தனிக் கிளை) எடுங்கள், பிடித்திருந்தால் மூலத்தோடு மெர்ஜ் செய்யுங்கள். மெர்ஜ் பண்ணுவதற்கு முன் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள், தயவுசெய்து.

அப்புறம் ஒரே பார்ட் ஸ்டுடியோவுக்குள் (பாகங்களை வரைகிற பக்கம்) முழு ரோபோவையும் வரைவது. முதல் ஸ்கெட்ச்சில் ஒருவர் கை வைத்தால் கீழே இருக்கிற அத்தனையும் திரும்பக் கணக்குப் போடும், சக்கரம் வரைகிறவர் சும்மா உட்கார்ந்திருப்பார், பாதி ஃபீச்சர் (வரைந்த படிகள்) பிழை காட்டிச் சிவப்பாகிவிடும். நம் ஊர்ப் பெரிய வீடுகளில் மகனுக்குக் கல்யாணமானால் வேறு வைப்பார்களே, அதே கூரைக்குள் தனி அறை, தனி அடுப்பு, ஆனால் நடு முற்றமான வளவு பொது. டீமையும் அப்படிப் பிரியுங்கள். டிரைவ் (ஓடுகிற பகுதி), லிஃப்ட் (தூக்குகிற பகுதி), இன்டேக் (பொருளை உள்ளே இழுக்கிற பகுதி) ஒவ்வொன்றுக்கும் தனி டாக்குமென்ட், பொறுப்புக்கு ஒரு ஆள். பொதுவாக இருக்க வேண்டியது ஒரு லேஅவுட் ஸ்கெட்ச்: சக்கரங்களின் இடம், லிஃப்ட்டின் உயரம், எஃப்டிசி என்கிற மாணவர் ரோபோ போட்டி என்றால் தொடக்கத்தில் ரோபோ அடங்க வேண்டிய 18 அங்குலப் பெட்டி. அந்த லேஅவுட்டை ஒரே ஆள்தான் மாற்ற வேண்டும், மாற்றினால் மற்றவர்களிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். லேஅவுட்டையோ பாகத்தையோ ஒரு டாக்குமென்டிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்தால் அது வெர்ஷனைத்தான் பிடித்துக்கொள்ளும், புது வெர்ஷன் வந்ததும் அப்டேட் குறி காட்டும். அதைப் பார்க்காமல் மாதக்கணக்கில் பழசையே வைத்து அசெம்பிளி செய்த டீமும் உண்டு.

ஆறு பேருக்கு ஒரே லாகின் வைக்காதீர்கள். ஹிஸ்டரி முழுக்க ஒரே பெயர் வரும், 64 பல் யார் வைத்தது என்று பட்டறையில் வந்துதான் சண்டை போடுவீர்கள். ஆளுக்கொரு கணக்கு, எலக்ட்ரிக்கல் பார்க்கிறவருக்குப் பார்வை மட்டும், மாற்றுகிறவருக்கு மட்டும் எடிட். மாணவர்களுக்கு எஜுகேஷன் கணக்கு இலவசம், அதையே எடுங்கள். சாதா இலவசக் கணக்கில் போடுவது எல்லாம் பப்ளிக், ஊரே பார்க்கலாம், காப்பியும் எடுக்கலாம்.

நெட் இல்லாவிட்டால் இது எதுவும் திறக்காது. பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துகிற நாளில்தான் அசெம்பிளி வைத்துக்கொள்கிறீர்கள், முதல் நாளே டிராயிங்கைப் பிரின்ட் எடுத்து வைத்தால் என்ன?

கடைசி வருஷ அண்ணன் கணக்கில் டாக்குமென்ட் இருந்தால், அவர் வேலைக்குச் சென்னைக்குக் கிளம்புவதற்குள் ஓனர்ஷிப்பை அடுத்த வருஷமும் இருக்கிற ஒருவருக்கு மாற்றி வாங்குங்கள். ஷேர் பெட்டியிலேயே அந்த வசதி இருக்கிறது. ஃபேர்வெல்லுக்கு மறுநாள் ஃபோன் போட்டால் அவர் எடுக்க மாட்டார்.