இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்: எதிர்ப்பா, உணர்திறன் குறைவா?

லேப் ரிப்போர்ட்டில் 'ஹோமா-ஐஆர்' என்றொரு வரி இருந்தால், அதில் 'ஐஆர்' என்பது இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்; அதாவது இன்சுலின் இருந்தும் உடம்பின் செல்கள் அதற்குச் சரியாகச் செவிசாய்க்காத நிலை. வெறும் வயிற்று இன்சுலினையும் (மைக்ரோ யூனிட்/மி.லி.) வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் (மி.கி./டெ.லி.) பெருக்கி 405-ஆல் வகுத்தால் அந்த எண் வரும்; எண் கூடக் கூட ரெசிஸ்டன்ஸும் கூடுதல் என்று பொருள். சர்க்கரை 100, இன்சுலின் 15 என்றால் 3.7. சர்க்கரையை மட்டும் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் அதை 100-லேயே நிறுத்தி வைக்கக் கணையம் எவ்வளவு மெனக்கெடுகிறது என்பது இன்சுலின் அளவில்தான் தெரியும்.

'இன்சுலா' லத்தீனில் தீவு. கணையத்துக்குள் திட்டுத் திட்டாகக் கிடக்கும் செல் கூட்டங்களை 1869-இல் ஜெர்மானியரான லாங்கர்ஹான்ஸ் விவரித்தார். அங்கே சுரப்பதற்கு 1909-இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த டி மேயர் இந்தப் பெயரை வைத்தார். மருந்தாகப் பிரித்தெடுத்தது 1921-இல்தான். 'ரெசிஸ்ட்' என்றால் எதிர்த்து நிற்பது. அதை அப்படியே பெயர்த்து 'இன்சுலின் எதிர்ப்பு' என்கிறோம்.

'நோய் எதிர்ப்பு' என்று கேட்டுப் பழகிய காதுக்கு இது உடம்பு இன்சுலினை விரட்டுவதுபோல் கேட்கும். நடப்பது அதுவல்ல. இன்சுலின் சாவி, செல்லின் மேல் அது வந்து ஒட்டும் ஏற்பி பூட்டு, சாவி நுழையவில்லை என்று சொல்லும் விளக்கமும் பாதிதான் சரி. பெரும்பாலும் சாவி பூட்டில் நுழையத்தான் செய்கிறது. கோளாறு அதற்கும் உள்ளே இருக்கிறது. இன்சுலின் ஏற்பியில் ஒட்டியதும் 'ஐஆர்எஸ்-1' என்ற புரதத்தில் டைரோசின் என்ற அமினோ அமில இடங்களில் பாஸ்பேட் ஏற வேண்டும். அங்கிருந்து பிஐ3-கைனேஸ், அடுத்து ஏகேடி என்று நொதி நொதியாகச் சமிக்ஞை இறங்கும். கடைசியில் 'குளூட்-4' என்ற குளுக்கோஸ் வாயில்கள் தசைச் செல்லின் மேற்பரப்புக்கு வரும். உடல் பருத்தவர்களின் தசையிலும் கல்லீரலிலும் கொழுப்பு தேங்கும்போது டைஅசைல்கிளிசரால் என்ற கொழுப்புப் பொருள் கூடி பிகேசி நொதிகளைத் தூண்டுகிறது. வீங்கிய கொழுப்புத் திசுவிலிருந்து வரும் டிஎன்எஃப்-ஆல்பா என்ற அழற்சிப் புரதம், ஜேஎன்கே நொதியைக் கிளப்புகிறது. இதனால் ஐஆர்எஸ்-1-இல் பாஸ்பேட் டைரோசினுக்குப் பதில் செரின் என்ற வேறு அமினோ அமில இடங்களில் போய் உட்கார, சமிக்ஞை அங்கேயே தேய்ந்துவிடுகிறது.

கல்லீரலில் இன்னொரு சிக்கல். இன்சுலின் சமிக்ஞையில் குளுக்கோஸ் தயாரிப்பை நிறுத்தச் சொல்லும் கிளை மந்தமாகிறது; கொழுப்பு தயாரிக்கச் சொல்லும் கிளையோ ஓடிக்கொண்டே இருக்கிறது. சர்க்கரையும் ஏறி, கொழுப்புக் கல்லீரலும் சேர்ந்தே வருவது இதனால்தான். எல்லாவற்றையும் 'எதிர்ப்பு' என்று ஒரே சொல்லில் அடைப்பது இங்கே உதைக்கிறது.

1936-இல் பிரிட்டிஷ் மருத்துவர் ஹிம்ஸ்வொர்த் சர்க்கரை நோயை இன்சுலினை உணர்வது, உணராதது என்றுதான் பிரித்தார். ஆகவே 'இன்சுலின் உணர்திறன் குறைவு' பொருந்தும். 'இன்சுலின் தடை' வேண்டாம். சுரப்பே தடைபட்டதாக ஆகிவிடும்.

வெளியே தெரியும் அடையாளங்களும் உண்டு: பிடரியிலும் அக்குளிலும் வெல்வெட் போலத் தடித்த கருமை, ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டிய இடுப்பளவு. பிடரிக் கருமையை அழுக்கென்று தேய்த்துப் புண்ணாக்குகிறவர்கள் நிறைய. சீனிக்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டி போட்டால் பரவாயில்லை என்று திருநெல்வேலிப் பக்கம் சொல்வதும் சரியல்ல. அதிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான்.

தசை சுருங்கும்போது இன்சுலின் பாதையைத் தொடாமலேயே, ஏஎம்பிகே என்ற நொதி போன்ற வேறு வழிகளில் குளூட்-4 மேலே வரும். சாப்பிட்டபின் 15 நிமிடம் நடந்தாலே பலன் தெரிவது இதனால்தான். இன்சுலின் ஊசியோ, இன்சுலின் சுரப்பைக் கூட்டும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு நடக்கும்போது சர்க்கரை அளவுக்கு மீறித் தாழலாம்; அதனால் சட்டைப் பையில் கொஞ்சம் சீனியோ குளுக்கோஸோ வைத்திருக்க வேண்டும்.